கூடா ஜிடிபி

கூடா ஜிடிபி என்பது என்விடியா நிறுவனத்தின் வரைகலைச் செயலகங்களில் இயங்கும் கணிப்பு நிரல்களிலுள்ள வழுக்களைக் கண்டறிய உதவும் ஒரு வழுநீக்கி ஆகும். இது கட்டளை வரியில் இயங்குவது. குனூ திட்டத்தின் ஜிடிபி வழுநீக்கியை நீட்டித்து இது உருவாக்கப்பட்டுள்ளது. ஆகவே மையச் செயலகத்தில் இயங்கும் நிரற்பகுதி, வரைகலைச் செயலகத்தில் இயங்கும் நிரற்பகுதி ஆகிய இரண்டையும் ஒரே அமர்வில் நிறுத்தி, ஆராய்ந்து, மீண்டும் இயக்க இயலும்.

சாதாரண வழுநீக்கியில் 'நிரல் இப்போது எந்த வரியில் நிற்கின்றது?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் உண்டு. வரைகலைச் செயலகத்தில் ஒரே நேரத்தில் பல்லாயிரம் இழைகள் இயங்குவதால் இக்கேள்விக்குப் பல்லாயிரம் விடைகள் உள்ளன. அவற்றுள் எந்த இழையைப் பார்ப்பது என்று தெரிவுசெய்வதே இக்கருவியைப் பயன்படுத்துவதில் உள்ள முதன்மையான சிக்கல் ஆகும். இக்கட்டுரை அதை ஓர் எடுத்துக்காட்டின் துணையுடன் விளக்குகின்றது.

கட்டளைகள் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்துகளில் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றின் ஆங்கில எழுத்துகளையே உள்ளிட வேண்டும்.

வரலாறு

ஜிடிபி வழுநீக்கியை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986 ஆம் ஆண்டில் எழுதினார். என்விடியா நிறுவனம் கூடா என்னும் கணிப்புத் தளத்தை 2006 ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்து, அதன் முதற் பதிப்பை 2007 இல் வெளியிட்டது. விளையாட்டுப் படங்களை வரைவதற்காக உருவான செயலகங்களில் சி மொழியை ஒத்த ஒரு மொழியில் பொதுக் கணிப்பு நிரல்களை எழுத இது வழிசெய்தது.

தொடக்கத்தில் வழுநீக்கத்துக்கென 'போன்மைப் பாங்கு' என்ற ஒன்று இருந்தது. இதில் வரைகலைச் செயலகத்துக்கான நிரலை மையச் செயலகத்திலேயே இயக்கிப் பார்க்கலாம். இவ்வசதியால் ஒரு தீமையும் விளைந்தது. உண்மையான செயலகத்தில் இழைகள் ஒரே நேரத்தில் இயங்குவதால் எழும் வழுக்கள் போன்மைப் பாங்கில் மறைந்துவிடும். அங்கே சரியாக இயங்கிய நிரல் வன்பொருளில் தவறும். பின்னர் இப்பாங்கு கைவிடப்பட்டு, வன்பொருளிலேயே நிரலை நிறுத்திப் பார்க்கும் கூடா ஜிடிபி அதன் இடத்தைப் பெற்றது.

2010 இல் வெளிவந்த ஃபெர்மி தலைமுறைச் செயலகங்களில் இழைகளே நேரடியாகச் செய்தி அச்சிடும் வசதி வந்தது. திரையை இயக்கும் அதே செயலகத்தில் நிரலை நிறுத்தினால் திரையும் உறைந்துபோகும் என்பது நெடுங்காலம் தொல்லையாக இருந்தது. வழுநீக்கத்துக்கென இரண்டாவது அட்டை ஒன்றைப் பொருத்துவது அக்காலத்து வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பை இடைநிறுத்திப் பிறகு தொடரும் திறன் 2016 இல் வந்த பாஸ்கல் தலைமுறையின் வன்பொருளிலேயே அமைந்தபின் இத்தொல்லை பெரிதும் குறைந்தது.

ஜிடிபி கட்டற்ற மென்பொருள் ஆதலால் அதன் உரிமத்துக்கு ஏற்ப கூடா ஜிடிபியின் மூலநிரலை என்விடியா வெளியிடுகின்றது. ஏஎம்டி நிறுவனத்தின் செயலகங்களுக்கு ராக்ஜிடிபி என்ற கருவியும், இன்டெல் செயலகங்களுக்கு அந்நிறுவனத்தின் ஜிடிபி நீட்சியும் உள்ளன. கட்டளைகள் வேறுபட்டாலும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

இழைகளின் அமைப்பு

வரைகலைச் செயலகத்தில் இயக்கப்படும் செயற்கூறு கெர்னல் எனப்படும். இயங்குதளத்தின் கருவைக் குறிக்கும் அதே சொல் என்றாலும் பொருள் வேறு. கெர்னலைத் தொடங்கும்போது எத்தனை இழைகள் வேண்டும் என்று நிரலாளர் குறிப்பிடுகின்றார். எல்லா இழைகளும் ஒரே நிரலையே இயக்கும். தன் எண் என்ன என்பதை அறிந்து, அதற்குரிய தரவை மட்டும் ஒவ்வோர் இழையும் எடுத்துக்கொள்ளும்.

இழைகள் தொகுதிகளாகவும், தொகுதிகள் சேர்ந்து ஒரு வலைக்கட்டமாகவும் அடுக்கப்படுகின்றன. தொகுதிக்கும் இழைக்கும் மூன்று திசைகளில் எண்கள் உண்டு. இவை நிரலாளர் வகுத்த முகவரிகள். வன்பொருளுக்கு வேறு முகவரி உள்ளது: எந்தச் செயலகம், அதனுள் எந்தப் பன்செயலி, அதில் எந்த வார்ப், அந்த வார்ப்பில் எந்தத் தடம் என்பது அது. வார்ப் என்பது சேர்ந்தே நகரும் 32 இழைகளின் கட்டு. இச்சொல் நெசவிலிருந்து எடுக்கப்பட்டது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல்களுக்குத் தமிழில் பாவு என்று பெயர். எனவே இக்கட்டுரையில் பாவு என்ற சொல்லே பயன்படுத்தப்படுகின்றது.

ஒரு பாவில் உள்ள இழைகள் ஒரு நிபந்தனைக் கூற்றில் பிரிந்தால், சில இழைகள் முன்னேறும்போது மற்றவை காத்து நிற்கும். 2017 இல் வந்த வோல்டா தலைமுறை முதல் ஒவ்வோர் இழைக்கும் தனி நிரல் எண்ணி உள்ளது. ஒரே பாவில் இருப்பதால் 32 இழைகளும் எப்போதும் ஒரே வரியில்தான் நிற்கும் என்று நம்பி எழுதப்பட்ட பழைய நிரல்கள் சில இதனால் தவறின.

எடுத்துக்காட்டு: தீர்த்தமலைப் பகுதியின் நிலச்சாய்வு

2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பறந்து, புவிப்பரப்பின் பெரும்பகுதியின் உயரத்தை ரேடார் மூலம் அளந்தது. அத்தரவு ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற ஓடுகளாகப் பொதுவில் கிடைக்கின்றது. தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்துள்ள தீர்த்தமலை, அகலாங்கு 12 முதல் 13 வரையும் நெட்டாங்கு 78 முதல் 79 வரையும் பரவிய ஓட்டில் அடங்குகின்றது. ஒரு வில்நொடி நுணுக்கமுள்ள ஓட்டில் 3601 கிடைவரிசைகளும் 3601 நெடுவரிசைகளும் உள்ளன. அதாவது ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயர அளவு என்ற கணக்கில் மொத்தம் 1,29,67,201 புள்ளிகள். வரிசைகள் வடமேற்கு மூலையில் தொடங்குகின்றன. ஓரத்து வரிசை அடுத்த ஓட்டிலும் இடம்பெறும் என்பதால்தான் 3600 இன்றி 3601 ஆகின்றது.

ஒவ்வொரு புள்ளியிலும் நிலத்தின் சாய்வைக் கணக்கிட வேண்டும் என்க. கிழக்கேயும் மேற்கேயும் உள்ள புள்ளிகளின் உயர வேறுபாட்டையும், வடக்கேயும் தெற்கேயும் உள்ளவற்றின் வேறுபாட்டையும் எடுத்து, இடைத்தொலைவான ஏறத்தாழ 60 மீட்டரால் வகுக்க வேண்டும். நான்கு ஓரங்களில் உள்ள புள்ளிகளுக்கு ஒரு பக்கத்து அண்டைப்புள்ளி இல்லாததால், 'தெரியாது' என்பதற்கு அடையாளமாக −1 என்ற எண் எழுதப்படுகின்றது. ஒரு புள்ளியின் விடை மற்றொரு புள்ளியின் விடையைச் சார்ந்திராததால் இக்கணக்கு வரைகலைச் செயலகத்துக்கு மிகப் பொருத்தமானது. மழைநீர் ஓடும் வழி, தடுப்பணைக்கான இடம், மலைச்சாலையின் போக்கு ஆகியவற்றை ஆராய்வோர் முதலில் செய்யும் கணக்கும் இதுவே.

புள்ளிக்கு ஓர் இழை, தொகுதிக்கு 16 பெருக்கல் 16 என 256 இழைகள் என்று கொள்வோம். 3601 ஐ 16 மீதியின்றி வகுக்காது. ஆகவே திசைக்கு 226 தொகுதிகள் தேவை. அப்போது திசைக்கு 3616 இழைகள், மொத்தம் 1,30,75,456 இழைகள் உருவாகின்றன. புள்ளிகளைவிட இழைகள் 1,08,255 மிகுதி. இம்மிகை இழைகள் எதையும் எழுதாமல் திரும்பிவிட வேண்டும்.

மையச் செயலகத்துக்காக முன்பு எழுதப்பட்ட நிரலில் ஓரச் சோதனை இவ்வாறு இருந்தது எனக் கொள்வோம்: நெடுவரிசை எண் 0 க்குச் சமமா, 3600 க்குச் சமமா, கிடைவரிசை எண் 0 க்குச் சமமா, 3600 க்குச் சமமா, எதுவேனும் ஆம் எனில் −1 எழுதித் திரும்பு. மடக்கில் வரிசை எண் 3600 ஐத் தாண்டுவதே இல்லை என்பதால் அங்கு இச்சோதனை முற்றிலும் சரியானது. அதே வரியை மாற்றமின்றிக் கெர்னலுக்குள் கொண்டுவந்தால், 3601 முதல் 3615 வரை எண்ணுள்ள மிகை இழைகள் சோதனையைக் கடந்து உள்ளே நுழைந்துவிடும். 3601 என்பது 3600 க்குச் சமமில்லை அல்லவா? பழைய நிரலை வரைகலைச் செயலகத்துக்கு மாற்றுவோரிடம் மிகுதியாகக் காணப்படும் வழுக்களுள் இது ஒன்று.

வழுவின் அறிகுறிகள்

இந்நிரல் பெரும்பாலும் முறிவதில்லை. பிழைச்செய்தியும் தருவதில்லை. காரணம் கணக்கிட்டுப் பார்க்கத் தக்கது.

விடைகளை வைக்கும் அணி, புள்ளிக்கு 4 பைட்டு வீதம் 5,18,68,804 பைட்டு நீளமுடையது. வரைகலைச் செயலகத்தின் நினைவகம் பொதுவாக 2 மெகாபைட்டுப் பக்கங்களாக ஒதுக்கப்படுவதால், இவ்வணிக்கு 25 பக்கங்கள், அதாவது 5,24,28,800 பைட்டு கிடைக்கின்றது. மிகை இழைகள் அணியின் முடிவுக்கு அப்பால் எழுதுவது ஏறத்தாழ 2,16,000 பைட்டு வரை மட்டுமே. பக்கத்தில் மிஞ்சியிருக்கும் இடமோ 5,59,996 பைட்டு. பக்கத்தின் எல்லையைத் தாண்டாதவரை வன்பொருள் இதைத் தவறாகக் கருதாது. மிஞ்சிய இடத்தில் வேறொரு சிறு அணி வைக்கப்பட்டிருந்தால் அதன் உள்ளடக்கம் ஓசையின்றி அழியும்.

மற்றோர் அறிகுறி அணியின் உள்ளேயே உள்ளது. கிடைவரிசை 1, நெடுவரிசை 3601 என்ற மிகை இழையை எடுத்துக்கொள்வோம். அது எழுதும் இடத்தின் சுட்டெண் 1 பெருக்கல் 3601 கூட்டல் 3601, அதாவது 7202. இதை 3601 ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 0. எனவே இந்த இழை உண்மையில் கிடைவரிசை 2 இன் மேற்கு ஓரப் புள்ளியில் எழுதுகின்றது. −1 இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாய்வு அளவு வந்துவிடுகின்றது. அவ்வளவு எப்படிப்பட்டது? இடப்பக்க அண்டைப்புள்ளியாக அது எடுத்துக்கொள்ளும் சுட்டெண் 7201, முந்தைய வரிசையின் கிழக்குக் கோடியில் 79 ஆம் பாகையில் உள்ளது. தருமபுரி, கிருட்டிணகிரிப் பக்கத்து மேட்டுநிலத்தின் உயரத்திலிருந்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் திருவண்ணாமலைப் பக்கத்துச் சமவெளியின் உயரம் கழிக்கப்பட்டு 60 மீட்டரால் வகுக்கப்படுகின்றது. விளைவாக ஓட்டின் மேற்கு ஓரம் நெடுக, நிலத்தில் இல்லாத ஒரு செங்குத்துச் சரிவு படத்தில் எழும்பி நிற்கும்.

ஒரே இடத்தில் இரண்டு இழைகள் எழுதுவதால் யார் கடைசியாக எழுதுகின்றார்களோ அவர்களுடைய எண்ணே நிலைக்கும். வரிசையின் முதல் தொகுதி பெரும்பாலும் கடைசித் தொகுதிக்கு முன்பே இயங்கிவிடும் என்பதால் தவறான எண்ணே வழக்கமாக வெல்லும். ஆனால் 16 வரிசைகளுக்கு ஒருமுறை, மிகை இழை ஒரு தொகுதிவரிசையிலும் அது கெடுக்கும் புள்ளி அடுத்த தொகுதிவரிசையிலும் அமைகின்றன. அங்கே இரண்டு தொகுதிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இயங்கலாம். ஆதலால் ஒரே நிரலை, ஒரே தரவுடன் இரண்டு முறை இயக்கினால் அப்புள்ளிகளில் விடை வேறுபடக்கூடும். இயக்கத்துக்கு இயக்கம் விடை மாறுவது போட்டி நிலையின் அறிகுறி என்பதை நினைவிற் கொள்க.

இதற்கிடையே தீர்த்தமலைக்கு நேரான புள்ளிகளில் விடை சரியாகவே இருக்கும். தனக்குத் தெரிந்த ஊரின் சாய்வை மட்டும் சோதித்துப் பார்ப்பவர் நிரல் சரியானது என்றே முடிவுசெய்வார்.

நிரலை ஆயத்தப்படுத்தல்

வழுநீக்கத்துக்கு நிரலைத் தொகுக்கும்போது என்விசிசி தொகுப்பிக்குச் சிறிய ஜி, பெரிய ஜி ஆகிய இரண்டு தெரிவுகளையும் கொடுக்க வேண்டும். சிறிய ஜி மையச் செயலகப் பகுதிக்கும் பெரிய ஜி வரைகலைச் செயலகப் பகுதிக்கும் உரியது. பெரிய ஜி கொடுத்தால் கெர்னலின் உகப்பாக்கம் நிறுத்தப்படும். மாறிகள் பதிவகங்களில் கரைந்து மறையாமல் பார்வைக்குக் கிடைக்கும். நிரல் பலமடங்கு மெதுவாகும். நேரப்போக்கு மாறுவதால் போட்டி நிலை வழுக்கள் வழுநீக்கியின் கீழ் வேறுவிதமாகத் தோன்றலாம், சில வேளை மறைந்தும் போகலாம்.

கெர்னலைத் தொடங்கும் கூற்று, கெர்னல் முடியும்வரை காத்திராமல் உடனே திரும்பிவிடும். ஆகவே கெர்னலில் நேர்ந்த தவறு, நிரலின் வேறெங்கோ உள்ள ஒரு நினைவக நகலெடுப்பு வரியில் வெளிப்படும். புதிதாகப் பழகுவோர் அந்த நகலெடுப்பு வரியையே நாள்முழுவதும் ஆராய்வது உண்டு. 'கூடா லான்ச் பிளாக்கிங்' என்ற சூழல் மாறிக்கு 1 என மதிப்பிட்டால் ஒவ்வொரு கெர்னலும் முடிந்த பின்னரே நிரல் முன்னேறும். தவறு அதன் இடத்திலேயே தெரியும்.

குவியம்

வழுநீக்கி எந்நேரமும் ஓர் இழையின் மீது மட்டுமே கருத்தூன்றியிருக்கும். இது குவியம் எனப்படும். 'பிரிண்ட்' கட்டளை ஒரு மாறியின் மதிப்பைக் காட்டும்போது அது குவியத்திலுள்ள இழையின் மதிப்பே ஆகும். அடுத்த இழையில் அதே மாறிக்கு வேறு மதிப்பு இருக்கும்.

'பிரேக்' கட்டளையால் கெர்னலில் ஒரு நிறுத்தப்புள்ளி வைத்து, 'ரன்' என்று இயக்கினால், நிரல் நின்றவுடன் குவியம் பெரும்பாலும் தொகுதி (0,0,0), இழை (0,0,0) என்பதில் இருக்கும். 'இன்ஃபோ கூடா கெர்னல்ஸ்', 'இன்ஃபோ கூடா பிளாக்ஸ்', 'இன்ஃபோ கூடா திரெட்ஸ்' ஆகிய கட்டளைகள் செயலகத்தில் தற்போது உள்ளவற்றைப் பட்டியலிடும். 'கூடா' என்ற சொல்லை அடுத்துத் தொகுதி எண்ணையும் இழை எண்ணையும் கொடுத்தால் குவியம் அங்கே மாறும். தமிழில் தடைச்சொல் போல ஒலித்தாலும், மிகுதியாகப் பயன்படும் கட்டளை இதுதான்.

நெட்டாங்கு 78.6, அகலாங்கு 12.1 என்பது தீர்த்தமலையை ஒட்டிய புள்ளி. மேற்கிலிருந்து 2160 ஆவது நெடுவரிசை, வடக்கிலிருந்து 3240 ஆவது கிடைவரிசை என, 0 முதல் எண்ணும் முறையில், அதன் இடம் அமையும். 16 ஆல் வகுத்தால் தொகுதி (135,202), இழை (0,8) என்று கிடைக்கும். முதல் நிறுத்தத்திலேயே அந்த இழைக்குச் செல்ல முயன்றால், கோரிக்கையை நிறைவேற்ற இயலாது, குவியம் மாறவில்லை என்ற விடைதான் வரும்.

இது வழுநீக்கியின் குறை அன்று. என்விடியாவின் டி4 அட்டையை எடுத்துக்கொண்டால், அதில் 40 பன்செயலிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் 1024 இழைகளை ஏற்கும். எனவே 256 இழைகள் கொண்ட தொகுதிகள் அதிகமாகப் போனால் 160 மட்டுமே ஒரே நேரத்தில் செயலகத்தில் குடியிருக்க இயலும். மொத்தத் தொகுதிகளோ 51,076. மற்றவை இன்னும் உருவாகவே இல்லை. தீர்த்தமலையின் தொகுதி, வரிசைப்படி எண்ணினால், 45,787 எனும் எண்ணுடையது. இன்னும் பிறக்காத இழையின் மாறியை எந்தக் கருவியாலும் காட்ட இயலாது. முடிந்துபோன தொகுதிகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே வேண்டிய இழை வரும்போது நிற்குமாறு நிபந்தனையுடன் நிறுத்தப்புள்ளி வைக்க வேண்டும். 'பிரேக்' கட்டளையில் வரி எண்ணுக்குப் பின் 'இஃப்' என்று எழுதி, தொகுதி எண், இழை எண் ஆகியவற்றுக்கான நிபந்தனையைச் சேர்க்கலாம். இதற்கு விலை உண்டு. நிபந்தனையைச் சோதிப்பதற்காக ஒவ்வொரு முறையும் செயலகம் உண்மையிலேயே நிறுத்தப்படுகின்றது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாவுகள் உள்ள இக்கெர்னலில் அது மிக நீண்ட காத்திருப்பாக முடியும். கெர்னலுக்குள்ளேயே அந்நிபந்தனையை ஒரு 'இஃப்' கூற்றாக எழுதி, அதனுள் பயனற்ற ஒரு வரியை வைத்து, அவ்வரியில் நிபந்தனையற்ற நிறுத்தப்புள்ளி வைப்பதே மேலான வழி. உகப்பாக்கம் இல்லாத தொகுப்பில் அவ்வரி நீக்கப்படாது.

வழுவைப் பிடித்தல்

மேற்கு ஓரத்தில் சரிவு தோன்றுவதைப் படத்தில் கண்டவர் முதலில் மேற்கு ஓரத் தொகுதிகளையே ஆராய்வார். அங்கே நெடுவரிசை எண் 0 ஆன ஒவ்வோர் இழையும் −1 எழுதித் திரும்புவதையே காண்பார். குற்றமற்ற இழைகளை எத்தனை முறை பார்த்தாலும் வழு தெரியாது. கேள்வியை மாற்ற வேண்டும். அந்த இழை என்ன எழுதியது என்று கேட்பதை விடுத்து, அந்த இடத்தில் எழுதியவை எவை என்று கேட்க வேண்டும். மையச் செயலக நிரலாயின் அந்த முகவரியின் மீது ஒரு காவற்புள்ளி வைத்து எழுதுபவரைப் பிடிக்கலாம். வரைகலைச் செயலகப் பகுதிக்குக் கூடா ஜிடிபி காவற்புள்ளி வசதி அளிப்பதில்லை. எனவே சுட்டெண்ணை வைத்தே பொறி அமைக்க வேண்டும். விடையை எழுதும் வரிக்கு முன் 'சுட்டெண் 7202 க்குச் சமம் எனில்' என்ற கூற்றைச் சேர்த்து அதனுள் நிறுத்தப்புள்ளி வைத்தால் போதும்.

நிரல் நிற்கும் இடம் தொகுதி (225,0), இழை (1,1). நெடுவரிசை எண்ணை அச்சிட்டால் 3601 என வரும். இருக்கவே கூடாத எண்.

இங்கே 'இன்ஃபோ கூடா லேன்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பது நன்று. தொகுதி 16 இழை அகலமுடையது ஆதலால் ஒரு பாவில் இரண்டு கிடைவரிசைகளின் இழைகள் உள்ளன. தடம் 0 முதல் 15 வரை கிடைவரிசை 0 ஐச் சேர்ந்தவை. அவை வடக்கு ஓரச் சோதனையில் அகப்பட்டுவிடும். தடம் 16 இன் நெடுவரிசை எண் 3600. அதுவும் சோதனையில் அகப்படும். தடம் 17 முதல் 31 வரையுள்ள 15 இழைகளும் சோதனையைக் கடந்துவிடும். பொறிக்குள் நிற்பது தடம் 17 மட்டுமே எனினும், பொறியை நீக்கிச் சாய்வைக் கணக்கிடும் வரியிலேயே நிறுத்தினால் 15 தடங்களும் இயக்கத்தில் இருப்பதாகப் பட்டியல் காட்டும். நெடுவரிசைத் தொகுதி எண் 225 ஆன தொகுதிகளில் உண்மையான புள்ளிகள் 3600 ஆம் நெடுவரிசையில் மட்டுமே உள்ளன, அவையும் ஓரப் புள்ளிகள். அத்தொகுதிகளிலிருந்து ஓர் இழைகூட அவ்வரிக்கு வந்திருக்கக் கூடாது.

திருத்தம் எளியது. கெர்னலின் முதல் வரியிலேயே, நெடுவரிசை எண்ணோ கிடைவரிசை எண்ணோ 3601 அல்லது அதற்கு மேல் எனில் எதையும் எழுதாமல் திரும்ப வேண்டும். ஓரச் சோதனையில் 'சமம்' என்பதை 'சமம் அல்லது மிகுதி' என்று மட்டும் மாற்றினால் போதாது. அப்போது மிகை இழைகள் உள்ளே நுழையாவிடினும், −1 என்ற எண்ணைத் தமக்குரியதல்லாத இடங்களில் எழுதும். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் உள்ள 14 நல்ல விடைகள் அதனால் அழியக்கூடும்.

இத்தகைய வழுவுக்குத் துணைக்கருவி ஒன்றும் உண்டு. 2020 இல் கூடா 11 பதிப்புடன் வந்த கம்ப்யூட் சானிடைசர், பழைய கூடா மெம்செக் கருவியின் இடத்தைப் பிடித்தது. அதன் கீழ் இந்நிரலை இயக்கினால், அணியின் முடிவுக்கு அப்பால் எழுதும் இழைகளைத் தொகுதி எண், இழை எண்ணுடன் அது காட்டிக்கொடுக்கும். வன்பொருள் கண்டுகொள்ளாத எல்லைமீறல் இங்கே பிடிபடும். ஆனால் சுட்டெண் 7202 இல் எழுதியதை அது குறை கூறாது. அவ்விடம் அணிக்கு உட்பட்டது தானே. போட்டி நிலையைக் கண்டறியும் அதன் மற்றொரு பிரிவும் பகிர் நினைவகத்தை மட்டுமே கண்காணிக்கின்றது. இந்த இரு கருவிகளுள் சானிடைசரை முதலில் இயக்குவது நல்ல பழக்கம். அது எதுவும் கூறாவிட்டால் நிரல் சரி என்று பொருளாகாது.

வேறு சில இயல்புகள்

'ஸ்டெப்', 'நெக்ஸ்ட்' கட்டளைகள் ஓர் இழையை மட்டும் நகர்த்துவதில்லை. குவியத்திலுள்ள பாவில் இயக்கத்திலிருக்கும் எல்லா இழைகளும் ஒன்றாக நகரும். மற்றப் பாவுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒத்திசைவுத் தடுப்பு வரியைத் தாண்டும்போது மட்டும் வழுநீக்கி அதற்கு அடுத்த வரியில் தற்காலிக நிறுத்தப்புள்ளி வைத்து எல்லா இழைகளையும் ஓடவிடும். தடுப்பு வரியை ஒரு நிபந்தனைக்குள் எழுதிச் சில இழைகள் அங்கு வராமலே போனால், நிரல் முடிவின்றிக் காத்திருக்கக்கூடும். அவ்வாறு தொங்கி நிற்கும் நிரலை இடைமறித்து, எந்த இழைகள் எந்த வரியில் உள்ளன என்று பார்ப்பதில்தான் இக்கருவியின் பயன் மிகுதி. அச்சுச் செய்திகளால் இதைக் கண்டறிவது கடினம்.

நினைவக முகவரியை நேரடியாக ஆராயும்போது, அது பொது நினைவகமா, பகிர் நினைவகமா, இழையின் தனி நினைவகமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் எண் போதாது.

எல்லா இழைகளையும் அச்சிடச் சொல்லும் முறை சிறு நிரல்களுக்குப் பயன்படும். அச்சுச் செய்திகளுக்கான இடம் இயல்பாக ஏறத்தாழ ஒரு மெகாபைட்டு மட்டுமே. நிரம்பினால் பழைய செய்திகள் அழிந்து புதியவை எழுதப்படும். ஒரு கோடியே முப்பது இலட்சம் இழைகளும் பேசினால் மிஞ்சுவது கடைசியாகப் பேசியவர்களின் சொற்கள் மட்டுமே.

தொலைக் கணினிகளில்

கட்டளை வரிக் கருவிகளுக்கு இன்றும் இடம் இருப்பதற்கு முக்கியக் காரணம், இச்செயலகங்கள் பெரும்பாலும் பயனரின் மேசையில் இல்லாமையே ஆகும். புனேயில் சி-டாக் நிறுவனம் அமைத்த பரம் சித்தி ஏஐ மீக்கணினி, 2020 நவம்பரில் வெளியான உலகத் தரவரிசையில் 63 ஆம் இடத்தைப் பெற்றது. அதே நிறுவனத்தின் ஐராவதம் 2023 இல் 75 ஆம் இடத்தைப் பெற்றது. இரண்டும் என்விடியா செயலகங்களைக் கொண்டவை. இத்தகைய மீக்கணினிகளில் பயனர் எழுத்துமுனையம் வழியாக நுழைந்து, தம் பணியை வரிசையில் இட்டுக் காத்திருக்க வேண்டும். படமுகப்பு இராது. மெதுவான இணைப்புள்ள ஊரிலிருந்தும் எழுத்துகளை மட்டும் அனுப்பிப் பெறும் கருவி தடையின்றி இயங்கும்.

பணி எப்போது இயங்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. நள்ளிரவில் அது முறிந்தால் அருகில் ஆள் இருக்கமாட்டார். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, 'பேட்ச்' தெரிவுடன் வழுநீக்கியையே பணியாக இடுவது. நிறுத்தப்புள்ளியில் நின்றதும் வேண்டிய மதிப்புகளை அச்சிட்டுவிட்டு அது வெளியேறும். இரண்டாவது, 'கூடா எனேபிள் கோர்டம்ப் ஆன் எக்செப்சன்' என்ற சூழல் மாறிக்கு 1 என மதிப்பிடுவது. கெர்னல் முறியும் கணத்தில் செயலகத்தின் நிலை முழுவதும் ஒரு கோப்பில் பதியப்படும். பின்னர் வழுநீக்கியைத் திறந்து, 'டார்கெட் கூடாகோர்' என்று கோப்பின் பெயரைக் கொடுத்தால், முறிந்த இழையில் குவியம் நிற்கும். உகப்பாக்கப்பட்ட நிரலிலிருந்தும் இக்கோப்பைப் பெறலாம். மாறிகள் பல தெரியாவிட்டாலும், தொகுக்கும்போது வரி எண்களைச் சேர்க்கும் தெரிவைக் கொடுத்திருந்தால் எந்த வரி என்பது தெரியும்.

முறிவு நேராத வழுக்களுக்கு இக்கோப்பு உருவாகாது. மேலே கண்ட சாய்வு நிரல் அவ்வகையைச் சேர்ந்தது.